ஆயிரத்து நானூறு கிலோவுக்குக் கீழே

இன்று மதுரைக்குப் போக வாடகைக் கார் பிடித்தேன். ஏறியதும் டிரைவர் தம்பி, "ஏசி போடவாம்மா?" என்று கேட்டார். சித்திரை வெயில். வேண்டாம் என்று கண்ணாடியை இறக்கினேன். அனல் முகத்தில் அடித்ததும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். பஹ்ரைன் கோடையில் ஏசியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கார் ஓட்டிய ஒரே மகராசன் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஈசா டவுன் வீட்டு வாசலில் அந்த அமெரிக்க வண்டியை நீங்கள் கொண்டுவந்து நிறுத்திய அன்று தலையில் அடித்துக்கொண்டேன். எழுபதுகளில் செய்தது, நம் கல்யாணத்தைவிட மூத்தது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, உள்ளே எட்டு சிலிண்டர். ஊரில் மற்றவள் புருஷனெல்லாம் மனை வாங்கினான். என் புருஷன் கால் மைல் நேர்ரோட்டில் பறக்கக் கிழட்டு வண்டி வாங்கினார். பாலைவனத்து ரேஸ் ரோட்டில் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் ஆசைக்கு ஓட்டுகிறவர்களையும் விடுவார்கள். அங்கே ஒருமுறையாவது முதலில் வர வேண்டும், அவ்வளவுதான் உங்களுக்கு.

முதல் வருஷம் எல்லாம் இஞ்சினுக்குப் போனது. பெரிய கார்புரேட்டர், புது கேம்ஷாஃப்ட், பின்னால் அகலமான டயர். அப்படியும் முடிவுக் கோட்டுக்குக் கிட்டே வந்ததும் யாராவது முந்திவிடுவார்கள். "இஞ்சின்ல குறை இல்ல பிள்ள. கனம்தான். ஆயிரத்து நானூறு கிலோவுக்குக் கீழ கொண்டுவந்துட்டா ஒருத்தன் நம்ம பக்கத்துல நிக்க முடியாது" என்றீர்கள். சீசன் முடிந்த கையோடு ஸ்பேனரை எடுத்தீர்கள்.

காரை நிறுக்க நம்மிடம் தராசு ஏது? வண்டியின் மொத்தக் கனம் அதன் புத்தகத்தில் இருந்தது; கழற்றியதை அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தோம். குளியலறையில் கிடந்த எடை மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்தீர்கள். கழற்றியதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்பீர்கள். குனிந்து முள்ளைப் படிப்பது என் வேலை. "என் கனம் எழுபத்தெட்டு. அதைக் கழிச்சிட்டுச் சொல்லு" என்பீர்கள். கழித்தால் மிச்சம் அந்தச் சாமானின் கனம். வெள்ளிக்கு வெள்ளி ஒவ்வொன்றாகப் போனது. பின்சீட், ஸ்டெப்னி, ஏசி, தரைவிரிப்பு, முன்பம்பர். கடைசியில் என் சீட்டுக்கே வந்தீர்கள்.

"நான் எங்கங்க உக்காருறது?"

"நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லு பிள்ள. உன்னைப் பாத்துத்தானே ஓட்டி வரப்போறேன்."

ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தை இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பேன்?

என் சீட்டையும் கழற்றிய பிறகு, நம் கணக்குப்படி இன்னும் முப்பது கிலோ அதிகமாக நின்றது. "எங்கதான் ஒளிஞ்சிருக்கு இந்தச் சனியன்" என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். பெல்ட்டில் நீங்கள் ஆணியால் புது ஓட்டை போட்டதைப் பார்த்துக் கேட்டேன். "இந்த வெயில்ல யாருக்கு உடம்பு நிக்கும்?" என்றீர்கள். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஜூனில் பிளாண்டில் டியூட்டி பார்க்கும்போதே மயங்கி விழுந்தீர்கள். வயிற்றில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது என்றார்கள். "எப்போதிருந்து எடை குறைகிறது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். ஆடி பிறக்கும் முன்னே போய்விட்டீர்கள்.

உங்கள் விசாவில் இருந்தவள் நான்; நானும் கிளம்ப வேண்டும். உங்கள் ரேஸ் கூட்டாளிகள் அத்தனை பேரும் கோடை லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். வண்டியை விலைக்குப் பார்க்க வந்த மற்றவர்கள், ஏசி இல்லை, சீட் இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பழைய இரும்பு வாங்கும் பட்டாணியர் ஒருவர்தான் எடுத்துக்கொண்டார். இரும்புக்கு எடைதானே விலை. அவருடைய யார்டில் தரையோடு பதித்த பெரிய தராசில் நம் வண்டியை ஏற்றினார்கள்.

ஆயிரத்து முன்னூற்று எண்பத்தைந்து.

"வஜன் கம் ஹை, பாபி" என்று உதட்டைப் பிதுக்கினார். கனம் குறைச்சல் அண்ணி என்கிறார். தராசு தப்பு, ஆயிரத்து நானூற்று முப்பது இருக்க வேண்டும் என்று நான் சண்டைக்குப் போனேன். இறக்கி மறுபடி ஏற்றினார், அதே எண்தான். பிறகுதான் எனக்கு உறைத்தது. தராசில் தப்பில்லை. வெள்ளிதோறும் எழுபத்தெட்டு என்று கழித்தேனே, அதில்தான் தப்பு. நீங்கள் அப்போது எழுபத்தெட்டாக இல்லை. வாராவாரம் என் கண்முன்னால் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அதனால் கழற்றிய சாமானெல்லாம் நான் சொன்னதைவிடக் கனம் கூடியவை; வண்டி நம் கணக்கைவிட லேசு. இல்லாத முப்பது கிலோவைத் தேடித்தான் அந்த வெயிலில் வண்டியைச் சுற்றி வந்தீர்கள். என் சீட்டைக் கழற்றியிருக்கவே வேண்டாம்.

காலம் ஆற்றும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. இனி ஆறும் என்று தோன்றவும் இல்லை. பிள்ளைகளிடம்கூட இந்தக் கணக்கைச் சொன்னதில்லை. சொன்னால், "உன் மேல தப்பில்லம்மா" என்று சமாதானம் சொல்வார்கள். அது எனக்கு வேண்டாம். சொல்ல வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான். உங்களிடம் சொன்னாலோ, உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். கண்ணை விரித்து, "அப்போ ஆயிரத்து நானூறுக்குக் கீழ போயிடுச்சா பிள்ள?" என்றுதான் கேட்பீர்கள்.

ஆமாங்க. போயிடுச்சு.