படிகளுக்கு விலை இல்லை

டிசம்பர் 4. மேகமூட்டம்.

காலையில் அடுப்புக்குக் கரி உருளை மாற்றினேன். மேல் உருளையின் துளைகளும் கீழ் உருளையின் துளைகளும் நேராகப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பு ஏறாது; அடியில் அனல் ஓடாமல் அறையின் தரை சூடாகாது. மனைவி ஒக்புன் தரையின் சூடான பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவளுடைய நுரையீரல் இன்னொரு குளிரைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மதியம் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். "ஐயா, கரி உருளை ஒண்ணு என்ன விலைக்கு வாங்குனீங்க?"

சொன்னேன்.

"அரசு விலைய விட முந்நூறு வோன் கூட இருக்கே?"

ஆமாம் என்றேன். கேட்டதற்கு உள்ளதைச் சொல்வதுதானே முறை? பள்ளியில் அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்?

டிசம்பர் 9. காற்று.

கரிக்கடை குவாக் வந்தார். வழக்கமாகக் கரி சுமந்து வரும் முதுகில் சுமைச்சட்டம் இல்லை.

"வாத்தியாரய்யா, அபராதம் போட்டுட்டாங்க. இனி அரசு விலைதான்."

"நல்லது" என்றேன். முட்டாள்.

"கீழ மருந்துக்கடைகிட்ட லாரி நிக்கும். வந்து எடுத்துக்கங்க. அந்த முந்நூறு கரிக்கு இல்லய்யா, என் முதுகுக்கு. முதுகுக்கு அரசாங்கம் விலை போடல."

மருந்துக்கடைக்கு மேல் எங்கள் குன்றில் சாலை கிடையாது. படிகள்தான். வசிப்பவர்கள் எல்லோரும் கிழவர்கள்.

டிசம்பர் 10.

பக்கத்து வீட்டுக் கில்தே அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எதுக்கு வாயத் தொறந்தீங்க?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"அந்த உண்மைய அடுப்புல வச்சுப் பாருங்க. ரூம் சூடாச்சுன்னா எனக்கும் ஒரு துண்டு குடுங்க."

டிசம்பர் 17. பனி.

நான்கு உருளைகளைச் சுமந்து ஏறினேன். வழுக்காமலிருக்க எரிந்து முடிந்த உருளைகளைப் படியில் உடைத்துப் போட்டிருந்தும் வழுக்குகிறது. விழுந்தேன். மூன்று நொறுங்கின. துண்டுகளை மேல்சட்டையில் அள்ளிக்கொண்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது – என்ன மனிதன் நான்?

டிசம்பர் 18.

நொறுங்கிய கரி எரியாது. தெரிந்தும் அடுக்கிப் பார்த்தேன்.

டிசம்பர் 26. கடும் குளிர்.

அசந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது தரை கல்லாகக் கிடந்தது. நெருப்பு அணைந்துவிட்டது. ஒக்புன் உதடு நீலம். "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போர்த்திக்கங்க" என்கிறாள். பாவி, ஒன்றுமில்லையாம்!

மிச்சமிருந்த ஒரே உருளையை எடுத்துக்கொண்டு கில்தே அம்மா வீட்டுக்குப் போனேன். நெருப்பு அணைந்தவர் புது உருளையைக் கொடுத்து எரிகிற உருளையை வாங்கிக்கொள்வது இங்கே வழக்கம். வாசலில் நின்றேன்.

"என்ன, கதவுக்குக் காவலா?" என்று அவளே வெளியே வந்தாள். என் கையைப் பார்த்தாள். உள்ளே போய், சிவந்த உருளையை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வந்தாள். "வழிய விடுங்க. உங்களுக்காக இல்ல, அக்காவுக்காக."

எங்கள் அடுப்பில் அதை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மேல் வீட்டுத் தாத்தாவ நேத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. குளிர்ல வெறச்சுப் போயிருந்தாராம்."

என்னால்தானா? என்னால்தான்.

ஜனவரி 5.

குவாக்கின் கடைக்குப் போய்க் கெஞ்சினேன். பழைய விலையே தருகிறோம், சுமந்து வாருங்கள் என்று.

"ஆபீஸ்ல மறுபடி போன் பண்ணுவாங்கய்யா. நீங்க மறுபடி உண்மை பேசுவீங்க."

"பேச மாட்டேன்."

"நீங்களா?" சிரித்தார். பழைய விலைக்கே முன்பணம் வாங்கி வைத்துக்கொண்டார். "முதல்ல அந்தப் போன் வரட்டும்."

ஜனவரி 6.

'அரசு விலைதான்' என்று தாளில் எழுதிப் பார்த்தேன். எழுத வந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் பழைய விலைதான் வருகிறது.

ஜனவரி 9.

ஒக்புனின் இருமலில் இரத்தம். கைக்குட்டையை ஒளித்தாள்.

ஜனவரி 13. தெளிவான வானம்.

அதே பெண் அழைத்தாள். "இப்ப என்ன விலைக்குக் குடுக்குறாங்க ஐயா?"

கடைசியாக ஒருமுறை முயன்றேன். "அம்மா, இங்கே படிகள் அதிகம். சுமந்து வருகிறவருக்கு–"

"அத எழுத இதுல இடமில்லைங்கய்யா. விலை மட்டும் சொல்லுங்க."

"அரசு விலைதான்."

"ரொம்ப நன்றி. நீங்க ஒருத்தர்தான் உள்ளத உள்ளபடி சொல்றவர். உங்க குன்றுல விலை சரியாயிடுச்சுன்னு எழுதிக்கிறேன்."

சரி என்றேன். குவாக்கின் கடைக்குப் போய், போன் வந்ததைச் சொன்னேன்.

ஜனவரி 14.

படியில் சுமைச்சட்டம் உரசும் சத்தம். ஒக்புன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாரு வர்றது?"

"குவாக்."

"ஆபீஸ்ல என்ன சொன்னீங்க?"

துளைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.