தச்சர் சொல்லாத ஒன்பது வார்த்தைகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி. உன் அப்பாவுக்குப் பல் கட்டியாகிவிட்டது, சிரித்தால் வேறு யார் வீட்டுக்காரரோ மாதிரி இருக்கிறார். உன் தம்பி மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், பிடிக்க ஆள் போதவில்லை. இரண்டு மாதமாக உன் அப்பா நான் அடுப்படிக்குப் போனாலும் மாடிக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறார், கல்யாணமான புதிதில்கூட இப்படி வந்ததில்லை. என்ன என்று கேட்டால் சும்மாதான் என்கிறார். அந்தச் சும்மாவுக்கு அர்த்தம் இந்த வாரம்தான் புரிந்தது.

கிளினிக்கில் உன் ஆராய்ச்சிக்காக மாதாமாதம் நோயாளிகளுக்கு நான் நடத்தும் மறதிச் சோதனை உனக்குத் தெரியும். பத்து வார்த்தை வாசித்து, கால் மணி நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லி, அவர்கள் சொன்ன வரிசையிலேயே தாளில் எழுதுவேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருஷமாக அதே பத்து வார்த்தை. உன் புது மருந்து சாப்பிடும் பதினான்கு பேரில் ஒருவர் தச்சர். செவ்வாய்க்கிழமை அவர் மனைவியிடம் நர்ஸ் போன மாதத் தாளைக் காட்டி, ஒன்பது வார்த்தை சொல்லியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டாள். அந்தம்மா என்னைப் பார்த்து, "ஆறு மாசமா அவர் வாயத் தொறக்கலம்மா, என் பேரே தெரியல, ஒன்பது வார்த்தைய யாரும்மா சொன்னது?" என்றாள். எனக்கு வந்ததே கோபம், என் தாளையா சந்தேகப்படுகிறாய் என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பாவம், அழுதுகொண்டே போனாள்.

மனசு கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து தாள்களை மேசை முழுக்கப் பரப்பினேன். பொத்தான், ஏணி, கதவு, ஆறு என்று போகிறது தச்சர் தாள். ரிட்டயர்டு டீச்சர் தாளும் அப்படியே. பதினான்கில் பதினொன்று ஒரே வரிசை. வாசிக்கிற வரிசை அதுவல்ல. நூறு பேர் திருப்பிச் சொன்னால் நூறு விதமாக வரும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அது என் வரிசை, பஸ்ஸில் உட்கார்ந்து நான் முணுமுணுக்கிற வரிசை. அவர்கள் எதிரே வெறித்துக்கொண்டிருக்க, நானே சொல்லி நானே எழுதியிருக்கிறேன். எழுதிய ஞாபகம் துளிகூட இல்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக என்னுடையது.

டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு எனக்கே முப்பது மார்க் முழுச் சோதனையை வைத்தார், முப்பதுக்கு முப்பது. "உங்களுக்கு மறதின்னா நானெல்லாம் எங்க போறது?" என்றார். அந்தக் கேள்விகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே, அதை வைத்து என்னை எப்படி அளப்பது? வெளியே வந்தவள் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன். எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்திருந்த உன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

வரும் இருபதாம் தேதி அந்த மருந்து வேலை செய்கிறது என்று நீ மேடையேறிச் சொல்லப்போகிறாய். மற்ற ஊர்களில் சுமார்தான், அம்மா கிளினிக்தான் கைகொடுத்தது என்று நீதான் போனில் குதித்தாய். சொல்லாதேம்மா. அந்தப் பதினொரு பேரும் தேறவில்லை. பதினைந்து வருஷம் பாடுபட்டு நீ சேர்த்த பெயர் என்னால் போகிறது, ஆனாலும் சொல்லாதே. பெற்றவளைக் காப்பாற்றுகிறேன் என்று மூடி மறைக்கவும் வேண்டாம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. தப்பு என்னுடையது என்று எழுது. எனக்கு வெட்கமில்லை, பயம்தான், நிறையவே பயம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. தாள்களின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரம். அடுத்த வாரம் போனில் நான், "எல்லாத்தையும் சரிபார்த்துட்டேன்டி, ஒரு தப்பும் இல்ல, நீ தைரியமா மேடை ஏறு" என்று சொன்னாலும் சொல்வேன். தெளிவாகத்தான் சொல்வேன். நம்பாதே.

இப்படிக்கு,
இன்றைக்கு இதை நினைவோடு எழுதும்
உன் அம்மா