புருக்காவின் நான்காவது பெயர்

3 ஜூன் 2025, செவ்வாய்

பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

‘இரும்பு வளையம்’ என்ற வீடியோ சண்டை விளையாட்டில் முப்பத்திரண்டு பாத்திரங்கள். அவர்களில் புருக்கா கல்குவாரிக்காரி, பருத்தவள், மெதுவானவள். எட்டி உதைக்கத் தெரியாது. கிட்டே வந்தவனைப் பிடித்துத் தரையில் அறையத் தெரியும். அவளை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே ரசிகர்கள் நடத்தும் இணையக் களஞ்சியத்தில், ‘புருக்காவின் குறிப்பிடத்தக்க வீரர்கள்’ என்ற தலைப்பின் கீழ் உலகம் முழுவதற்கும் நான்கே பெயர்கள். ஒருவர் ஒசாகா, ஒருவர் சியோல், ஒருவர் லிமா. நான்காவது ‘கல்வராயன்’. அதாவது கரியாலூர் கிளை நூலகர் இளஞ்செழியன். அதாவது நான்.

இன்று மூவர்தான். என் இடத்தில் ஒரு குறிப்பு: ‘இணைப்புத் தாமதம் காரணமாக வெற்றிகள் ஐயத்துக்குரியவை.’

நாற்பத்தொரு வயதுக்குள் உலகம் என்னை மதித்துச் சேர்த்தது இந்த ஒரு பட்டியலில்தான். வாக்காளர் பட்டியலில் எல்லோரையும் சேர்க்கிறார்கள்.

4 ஜூன்

நூலகத்துக்கு வந்த இருவர் மீதும் எரிந்து விழுந்தேன். ஒருவர் செய்தித்தாள் கேட்டார். மற்றவர் மழைக்கு ஒதுங்கினார்.

6 ஜூன், வெள்ளி

வார விடுமுறை. களஞ்சியத்தின் தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜீவாவை அழைத்தேன். கள்ளக்குறிச்சியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

“அண்ணே, ஒங்க நெட்டு தள்ளுவண்டி மாதிரி வருது. பட்டன அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தாதான் அடி வுழுது. எதிர்ல ஆடுறவன் இன்னா பண்ணுவான்?”

“தாமதம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். நீங்க அதுலயே குடியிருக்கீங்க. அவன் ஒரு நாளு விருந்தாளியா வந்து மாட்டிக்கிறான்.”

“மலையில இருக்கறது ஒரு டவரு. அது என் குத்தமா?”

“குத்தம்னு யாருண்ணே சொன்னா? ஜெயிச்சது நீங்களா டவரான்னுதான் கேக்குறோம்.”

ஆகஸ்ட் பத்தாம் தேதி உளுந்தூர்பேட்டையில் நேரடிப் போட்டியாம். ஒரே இயந்திரம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடவேண்டும். தாமதம் என்ற பேச்சே கிடையாது. ஒரு சுற்று ஜெயித்தால் பெயர் திரும்பிவிடும். “ஒரே ஒரு சுத்துண்ணே” என்றான். அந்த ‘ஒரே ஒரு’வில் இருந்த இரக்கத்துக்காக அவனை மன்னிக்கப் போவதில்லை.

19 ஜூன்

களமருதூரிலிருந்து என் மனைவி கமலா போனில் பேசினாள். நாற்று விட்டாயிற்றாம். என் வழக்கை அவளிடம் எடுத்துரைத்தேன்.

“ஏங்க, அந்தக் குண்டுப் பொம்பளையோட ஆறு வருசமா மலையில குடும்பம் நடத்துறீங்க. அப்பவும் ஒங்க பேர சேக்கமாட்டன்றாங்களா?”

“சிரிக்காதே.”

“நான் எங்க சிரிச்சேன்? கல்யாணமாகி பதினாலு வருசம். ரேசன் கார்டுல என் பேரு இன்னும் எங்கப்பா வூட்லதான் இருக்குது. நான் எவன்கிட்ட போயி சண்ட போட்டுகினு இருக்கேன்?”

ஆகவே கோபித்துக்கொண்டு போனை வைத்தேன்.

13 ஜூலை

பதினேழு ஆட்டம், பதினான்கு வெற்றி. எல்லாம் கரியாலூரிலிருந்தே, இணையத்தில்.

பயிற்சிப் பகுதியில் ஒரு பொம்மை நிற்குமே, இணைப்பு இல்லாமல் அதோடு கொஞ்சம் பழகுங்கள் என்கிறான் ஜீவா. திருப்பி அடிக்காதவனை அடித்துப் பழக நான் என்ன லாக்கப்பிலா வேலை பார்க்கிறேன்?

10 ஆகஸ்ட், ஞாயிறு

தோற்றேன்.

கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் போன முகூர்த்தத்து மணமக்களின் பெயர்கள் தெர்மாகோலில் அப்படியே இருந்தன. அவர்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை. எனக்கு எதிராகத் தமிழ்மொழி என்ற நர்சிங் மாணவி. “நீங்கதான் கல்வராயனா சார்?” என்று எழுந்து நின்று கேட்டாள். மரியாதையான பெண். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

அவளுடைய ஆள் பாய்ந்து வந்தான். புருக்கா இரு கைகளையும் விரித்துக் காற்றைக் கட்டிப்பிடித்தாள். அவள் கை இறங்கிய பிறகு அவன் வந்து சேர்ந்து, நிதானமாக அடித்தான். மறுபடியும் காற்று. மறுபடியும் அடி. இரண்டு ஆட்டமும் சேர்ந்து ஒன்றரை நிமிடம்.

“சார், நான் வர்றதுக்கு முன்னாடியே புடிச்சிடுறீங்க. வந்தப்புறம் புடிங்க சார், நான் எங்க போயிடப்போறேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கன்ட்ரோலர் சரியில்லை என்றேன். டிவி சரியில்லை என்றேன். மண்டபத்தின் வாஸ்துவைத்தான் சொல்லவில்லை. ஜீவா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

11 ஆகஸ்ட்

மலை ஏறும் பேருந்தில் புரிந்தது. கரியாலூரில் நான் அமுக்கியது திரைக்கு வந்து சேரக் கால் நொடி ஆகும். ஆகவே எதிரி வரப்போகும் நேரத்தைக் கணித்து, கால் நொடி முன்னதாகவே அமுக்கியிருக்கிறேன். ஆறு ஆண்டுகள். அது எனக்கே தெரியாது.

படிச்சவன்தானே நீ? மூவாயிரம் புத்தகத்துக்குக் காவல் — பக்கத்துல ஒரு ஆள ஒக்காரவெச்சி ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. ஆறு வருசத்துல ஒரு ஆளு கெடைக்கலியா ஒனக்கு?

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறைக் கூட்டத்தோடு அருவிக்கு வந்த ஜீவா ஈரத்தலையோடு என் அறைக்கு வந்தான். “ஒங்க டவர பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே.” என் நாற்காலியில் உட்கார்ந்து, என் இணைப்பில் ஒன்பது ஆட்டம் ஆடினான். ஒன்பதும் தோல்வி. கன்ட்ரோலரை மெத்தைமேல் வீசினான்.

“மனுசன் ஆடுவானா இதுல?”

நான் அதை எடுத்து, கடைசியாக அவனைத் தோற்கடித்த அதே ஆளை இருமுறை தரையில் அறைந்தேன். ஜீவா தலை துவட்டுவதை நிறுத்திவிட்டான்.

“பேர திருப்பிப் போட்டுடறேண்ணே. ‘கரியாலூரில் மட்டும்’னு பக்கத்துல ஒரு வரி போட்டு.”

போடாதே என்றேன். ஊர்ப் பெயரை ஒட்டி விற்பதற்கு நான் கல்வராயன்மலைக் கடுக்காயா? தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

5 செப்டம்பர், வெள்ளி

மலையிறங்கி ஜீவா கடைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து ஆட அவன் தமிழ்மொழியை அழைத்திருந்தான். பத்து ஆட்டம், பத்தும் தோல்வி. திரும்பும்போது நடத்துநர் சில்லறை கேட்டதற்குச் சண்டை போட்டேன்.

10 அக்டோபர், வெள்ளி

ஜீவா கடையில் ஆடிய பத்தில் மூன்று என்னுடையவை. மூன்றாவதில் தமிழ்மொழியின் ஆள் வரும்வரை கை பொறுத்திருந்தது. “நல்லாருக்கு சார்” என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை. இன்னும் பத்து ஆடலாமா என்று கேட்டாள். யாரோ ஒருவருடைய செல்போனைக் கழற்றிக்கொண்டிருந்த ஜீவா தலை தூக்காமல், “அந்தக் ‘கரியாலூரில் மட்டும்’கிறத வுட்டுட்டு ஒங்க பேர போடட்டாண்ணே?” என்றான்.

“மூணுக்கெல்லாம் போடுவாங்களா?” என்றேன். கடைசிப் பேருந்து போய்விடும் என்பது இருபதாவது ஆட்டத்தில்தான் நினைவுக்கு வந்தது.

11 அக்டோபர், சனி

காலையில் கரியாலூரில் எட்டு ஆட்டம். ஏழு தோல்வி. விரல்கள் இப்போது ஆள் வரும்வரை காத்திருக்கின்றன; இந்த இணைப்பில் அதற்குள் அவன் அடித்துவிட்டுப் போய்விடுகிறான். நான்கு ஆண்டுகளாக என்னிடம் தோற்றுக்கொண்டிருந்த சேலத்துக்காரன் ஒருவன் இன்று முதன்முறையாக ஜெயித்தான். உடனே செய்தி அனுப்பினான்:

“யாருங்க ஆடுறது? கல்வராயன் அக்கவுண்ட்ட வித்துட்டாரா?”

ஆமாம் என்று பதில் போட்டேன்.