டப்பா வழியாகச் சொல்லியனுப்புவது

மாமாவுக்கு,

இன்று காலை பரண் மேலிருந்து உங்கள் தோல் செருப்பை எடுத்தேன். நீங்கள் போய் எட்டு மாதமாகியும் அதில் மூக்குப்பொடி வாசனை அப்படியே இருக்கிறது. எனக்கு அடுக்கடுக்காக நாலு தும்மல். கீழே படுத்திருந்த டப்பா எழுந்து வந்து, செருப்பை ஒரு முறை முகர்ந்துவிட்டு, தெருப்பக்கம் திரும்பி வாலை ஆட்டியது. நீங்கள்தான் வருகிறீர்கள் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் நானும் தெருவையே பார்த்தேன்.

செருப்பை எடுத்ததற்குக் காரணம் உண்டு. வனத்துறை ரேஞ்சர் சார் போன் செய்திருந்தார். "ஞாயித்துக்கெழம வர்றேம்மா. குட்டிங்கள்ல மோப்பத்துக்கு ஆவறது ஒண்ணு எடுத்து வை" என்றார். யாருடைய குட்டிகள் என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள்.

உங்கள் மகனுக்கும் எனக்கும் இரண்டு தடவை கல்யாணம் நடந்தது. கண்டமங்கலத்தில் எங்கள் சர்ச்சில் ஒன்று, மயிலம் மலை மேல் ஒன்று. முதலாவதற்கு நீங்கள் வரவே இல்லை. இரண்டாவதற்கு வந்து, படிக்கட்டைப் பார்த்தபடியே நின்றுவிட்டுப் போனீர்கள். பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. உங்கள் மகன் காலை ஆறரை பஸ்ஸில் புதுச்சேரிக் கம்பெனிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். ஆக, பகல் முழுக்க வீட்டில் தையல் மெஷினோடு நான், ஈசிசேரில் நீங்கள், வேப்பமரத்தடியில் உங்கள் ராஜா.

எல்லாவற்றையும் ராஜாவிடம்தான் சொல்வீர்கள். "ராஜா, இன்னிக்கு சாம்பார்ல உப்பு தூக்கலா கீதுடா." "ராஜா, மழ வர்ற மாரி கீது, மாடில மல்லாட்டை காயுது, யாருக்கும் ஞாபகம் இல்ல போல." நான் ஓடிப்போய் வேர்க்கடலையை அள்ளுவேன். தயிர்சோற்றைத் தின்றுகொண்டிருக்கும் ராஜா உங்களை நிமிர்ந்தும் பார்க்காது.

ராஜா சாதாரண நாயா? தெற்கே போய் நீங்களே பார்த்து வாங்கிவந்த அசல் சிப்பிப்பாறை. அப்பன், பாட்டன் பெயரெல்லாம் எழுதிய சர்டிபிகேட் லேமினேட் ஆகி, காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. எங்கள் கல்யாண போட்டோ பீரோவுக்குள் இருந்தது.

அந்த நாயை எதற்கு வாங்கினீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வனத்துறையில் வாட்சராக இருந்து ரிட்டயர் ஆன பிறகும், கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஹைவேயில் மான் அடிபட்டால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அடிபட்ட மான் ரோட்டில் விழுந்து கிடக்காது. நொண்டிக்கொண்டே கரும்புக்குள்ளோ சவுக்குத் தோப்புக்குள்ளோ போய்ப் படுத்துக்கொள்ளும். நாம் தேடிப் பிடிப்பதற்குள் ஊர் நாய்கள் பிடித்துவிடும். அப்படிக் குதறிய மானைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். தட்டை மூடி வைத்துவிட்டு நானும் சாப்பிடாமல் இருப்பேன். அது உங்களுக்குத் தெரியாது. ரத்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போய், மானைக் கண்டதும் கடிக்காமல் நின்று குரைக்கிற நாய் ஒன்று இருந்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும் என்று ராஜாவிடம்தான் சொன்னீர்கள். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு நான் பிறந்த வீட்டிலிருந்து திரும்பியபோது என் அம்மா ஒரு பெட்டைக்குட்டியைக் கூடையில் வைத்துக் கொடுத்தாள். தாய் தெருநாய், அப்பன் புதுச்சேரியில் ஒரு பங்களா வீட்டு லாப்ரடார். ஐந்து குட்டிகளில் நாலு சுத்த சோம்பேறி. இது மட்டும் வீட்டில் எந்த டப்பாவை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துப் போய் உருட்டும். பெயரும் அதனால் வந்ததுதான்.

கூடையைப் பார்த்ததும் ராஜா பக்கம் திரும்பினீர்கள். "ஜாதி நாய்னா என்னா வரும்னு முன்னாடியே தெரியும்டா. கலப்புல என்னா வரும்னு எவனுக்குத் தெரியும்? கலப்பு எதுக்கும் ஒதவாது." நீங்கள் நாயைப் பற்றித்தான் பேசினீர்கள் என்று உங்கள் மகன் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. ஆனால் இப்போது எனக்கும் ஒரு வசதி வந்திருந்தது. என் கையிலும் ஒரு நாய் இருந்தது.

"டப்பா, மாமாகிட்ட சொல்லு. ராஜாவுக்கு என்னா வரும்னு தெரிஞ்சுதான் வாங்கியிருக்காரு. ஓட்டம் வரும், மோப்பம் வராது. அதோட பாட்டன் முப்பாட்டன்லாம் கண்ணால பாத்து வெரட்டுன ஜாதி. மானைப் பாத்துச்சுன்னா ஒரே கடிதான்."

நீங்கள் பொடி போடுவதை நிறுத்திவிட்டு டப்பாவை முறைத்தீர்கள். அன்றிலிருந்து நம் வீட்டில் பேச்சு களைகட்டியது.

கறிக்கடையிலிருந்து ஆட்டு ரத்தம் வாங்கி, தண்ணீர் கலந்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் ஊற்றி, அறுவடை முடிந்த மல்லாட்டைக் கொல்லையில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போவீர்கள். முடிகிற இடத்தில் ஒரு ஆட்டுத்தோலைப் போட்டுவிட்டு வருவீர்கள். மறுநாள் காலை ராஜா அந்தத் தடத்தில் போக வேண்டும். ராஜா தலையைத் தூக்கி நாலு பக்கமும் வேடிக்கை பார்க்கும், தூரத்தில் கொக்கு பறந்தால் அதைப் பார்த்து ஓடும். மூக்கை மட்டும் கீழே வைக்காது. அந்த நாட்களில் ஒன்றில்தான் டப்பா என் கையிலிருந்து நழுவி, மூக்கை மண்ணில் பதித்துக்கொண்டு கிளம்பியது. நான் பின்னாலேயே ஓடினேன். அது கொல்லையைத் தாண்டி, ஆட்டுத்தோலையும் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, நேராக டீக்கடைக்குப் போய் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பாத்துக்கினியாடா ராஜா? கலப்பு டீக்கடைக்குத்தான் போவும்!"

டீக்கடைக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். முந்தின நாள் தோலைப் போட்டுவிட்டு நீங்கள் நேராக அங்கே வந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு போண்டா தின்றிருக்கிறீர்கள். வீடு வந்ததும் டப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"டப்பா, மாமாகிட்ட சொல்லு. நீ டீக்கடைக்குப் போவல, மாமா போன எடத்துக்குப் போன. ரத்தத்தை வுட அவரு செருப்பும் பொடியும்தான் உனக்குத் தூக்கலா இருந்துச்சு. தடம் போடறவரே அது மேல நடந்துகினு போனா நாய் யாரைப் புடிக்கும்?"

இரண்டு நாள் ராஜாவிடம் கூடப் பேசவில்லை நீங்கள். மூன்றாம் நாள் முற்றத்தில் முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நுனியில் ரத்தப் பாட்டில் கட்டியிருந்தது. நடப்பவர் ஒரு பக்கம், சொட்டுகிற ரத்தம் எட்டடி தள்ளி இன்னொரு பக்கம். யாருக்காக என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் நானே துரட்டியைப் பிடித்துத் தடம் போட்டேன். டப்பா தவறாமல் தோலைக் கண்டுபிடித்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முழுவதையும் பார்த்துவிட்டு, "எதேச்சையா நடந்துருக்கும்டா ராஜா" என்பீர்கள்.

அப்புறம் அந்தக் காலை. வேன் மோதி ஒரு பெண்மான் கரும்புக்குள் போய்விட்டதாகப் போன் வந்தது. நீங்கள் டப்பாவை ஒரு தடவை பார்த்தீர்கள், ராஜாவை அழைத்துக்கொண்டு போனீர்கள். அரை மணி நேரத்தில் புதுச்சேரியிலிருந்து உங்கள் மகன் என்னைப் போனில் கூப்பிட்டார். "முயல் ஒண்ணு ஓடுச்சாம், ராஜா இழுத்த இழுப்புல அப்பா வரப்புல வுழுந்துட்டாராம். டப்பாவை இட்டுகினு ஜல்தியா வர சொன்னாரு." ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தவர் புதுச்சேரி வழியாகச் சொல்லியனுப்பினீர்கள்!

மொபெட்டின் முன்னால் டப்பாவை உட்கார வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். வீங்கிய கணுக்காலைப் பிடித்தபடி வரப்பில் இருந்தீர்கள். ரேஞ்சரும் இன்னொருவரும் கரும்பை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஊர் நாய்கள் குரைக்கும் சத்தம் நெருங்கி வந்தது. ரத்தச் சொட்டில் டப்பாவை விட்டதும் அது பாய்ந்து இழுத்தது. பயத்தில் நான் கயிற்றைச் சுருட்டிப் பிடித்தேன். டப்பா திணறி நின்றுவிட்டது.

"கயித்த லூசா வுடும்மா!" என்று கத்தினீர்கள். "அதுக்குத் தெரியும், நீ பின்னாடி போ! பயப்படாத போம்மா!"

ராஜா அங்கே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், அம்மா என்று கூப்பிட வேறு பெண்ணும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து என்னிடம் நேராக வந்த முதல் வார்த்தை. அதற்கு அழுவதற்குக்கூட நேரமில்லாமல் கரும்புத் தோகை முகத்தைக் கிழிக்க ஓடினேன். உள்ளே, பின்னங்கால் கிழிந்து, வயிறு துடிக்க மான் படுத்திருந்தது. டப்பா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, தலையைத் தூக்கிக் குரைத்தது. ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து தையல் போட்டார், மான் பிழைத்தது. வண்டியில் ஏற்றும்போது ரேஞ்சர் டப்பாவைத் தட்டிக்கொடுத்து, "என்னா ஜாதிங்க இது?" என்று உங்களைக் கேட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் பொடி டப்பியை எடுத்து, நிதானமாக ஒரு சிட்டிகை போட்டு, தும்மி முடித்துவிட்டுச் சொன்னீர்கள்.

"ஜாதியெல்லாம் தெரியாது சார். எங்க மருமவ வூட்டுச் சீரு."

அதற்குப் பிறகு நேராகவே பேசினீர்கள். ஆனால் உப்பு தூக்கலாக இருந்தால் மட்டும் டப்பாவிடம் சொல்வீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுத்தபோது, நாயே இல்லாத அந்த அறையில், கட்டிலுக்குக் கீழே பார்த்து "டப்பா, கஞ்சில உப்பே இல்ல" என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதை இன்னும் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, இனி குட்டிகள். மூன்று. தாய் டப்பா. அப்பன் யார் என்று சர்டிபிகேட்டில் எழுதாமலே தெரிகிறது: மூன்றுக்கும் ராஜாவின் நீள மூஞ்சி, டப்பாவின் தொங்கிய காது. மன்னித்துவிடுங்கள், நான் வேலியைச் சரியாகத்தான் கட்டியிருந்தேன்.

இன்று உங்கள் செருப்பைத் துரட்டி நுனியில் கட்டி, மாட்டுக் கொட்டகையிலிருந்து படல் வரைக்கும் மண்ணில் இழுத்துப் போட்டேன். நான் எட்டடி தள்ளித்தான் நடந்தேன். ஒரு குட்டி தூங்கிவிட்டது. ஒன்று கொக்கைப் பார்த்து ஓடியது, அது அப்பன் பிள்ளை. மூன்றாவது மூக்கை இறக்கி, தட்டுத் தடுமாறிப் போய், உங்கள் செருப்பைக் கண்டதும் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக் குரைத்தது. கடிக்கவில்லை.

டப்பாவைக் கூப்பிட்டு, "மாமாகிட்ட சொல்லு, ஒண்ணு தேறிடுச்சு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சர் சார் வருவார். என்ன ஜாதி என்று கண்டிப்பாகக் கேட்பார். தெரியாது சார், எங்க மாமனார் வூட்டுச் சீரு என்று சொல்லப்போகிறேன்.

உங்கள் மருமகள்