கீழ்த்தளத்துச் சன்னலோர மேசை

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் உன் முழங்காலின் சுகத்தையும் தனித்தனியாக அறிய ஆவல். விடுப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாக எழுதியிருந்தாய். முழங்கால் மாடி ஏற மறுக்கிறதாம். பழைய கட்டடத்தில் அத்தனை வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவளிடமா இந்தக் கதை?

புதுக் கட்டடத்துக்கு வந்தபோது எவ்வளவு பெருமைப்பட்டோம். பாடத்துக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு. உன் அறிவியலுக்கு மூன்றாம் மாடி, என் கணக்குக்கு முதல் மாடி. பழைய கட்டடத்தில் ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டிருந்தவர்கள், இங்கே சண்டை போடக்கூட ஆளில்லாமல் போனோம். ஆய்வகத்தில் நீ தனியாகச் சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

சரி, செய்தியைக் கேள். போன மாதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மாவை, ஒருவருக்கொருவர் தெரியாமல், மூன்று ஆசிரியர்கள் ஒரே நாளில் வரச் சொல்லிவிட்டோம். கணக்கில் கவனமே இல்லை என்று நான் குறை சொன்னேன். மொழிப்பாட ஐயா, வாயே திறப்பதில்லை என்றாராம். உனக்குப் பதிலாக வந்தவளோ, ஆய்வகத்தில் அவள் சூரப்புலி என்று பாராட்டத்தான் கூப்பிட்டாளாம். அந்த அம்மா நேரே தலைமையாசிரியரிடம் போய், "மூணு மாடி ஏறி மூணு பொண்ணுங்களைப் பத்திக் கேட்டுட்டு வரேன் சார். இதுல என் பொண்ணு எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார்.

மனிதர் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே, பரிசுக் கோப்பைகளை வைத்துப் பூட்டியிருந்த கீழ்த்தளக் கூடத்தைத் திறந்து எல்லோர் மேசையையும் இறக்கச் சொன்னார். தேநீர் இனி கீழே மட்டும்தான் என்று உத்தரவு. வரலாற்று சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிளாஸ்கோடு மேலேயே இருந்தார். இப்போது முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர்தான். பழைய மின்விசிறிச் சண்டையும் திரும்பிவிட்டது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியபோதுதான் புரிந்தது, அந்தப் பெண்ணுக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியவில்லை; எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் ஆய்வகத்தில் மட்டும் சூரப்புலி. கண்ணாடி போட்டாகிவிட்டது.

சன்னலோர மேசை உனக்கு. வரலாற்று சார் அதில் குடையை வைக்கிறார், நீ வந்து திட்டினால்தான் எடுப்பார்.

ஆய்வகம் மட்டும் இன்னும் மூன்றாம் மாடியில்தான். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் உன் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே ஏறுகிறேன். சாப்பிடக் கீழே இறங்கிவிடுவோம். வந்துவிடடி.

உன் வரவுக்கு மேசையைத் துடைத்து வைத்திருக்கும்,
பக்கத்து மேசைக்காரி