இரண்டு முறை ஊதினால்

அக்டோபர் 4, வெள்ளி

பங்களாவை வாங்குபவர் வந்துபோனார். தங்கும் விடுதி ஆக்கப் போகிறாராம். முன்கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்ட, பங்களாவின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும் என்றார். "வர்றவங்க படிச்சா ஒரு இது இருக்கும்ல?" அந்த 'இது' என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. தம்பி உடனே என்னைக் கைகாட்டிவிட்டான். "அக்கா முப்பது வருஷம் சரித்திர டீச்சரா இருந்தவங்க."

நான் நடத்தியது பூகோளம். கூடப்பிறந்தவனுக்கே தெரியவில்லை.

மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒரு பக்கம்தானே, எழுதிவிடலாம்.

அக்டோபர் 7, திங்கள்

கொள்ளுத்தாத்தா மர வியாபாரி. காட்டை மரத்துக்காக வாங்கி, வெட்டிய மரத்திலேயே இந்தப் பங்களாவைக் கட்டினார். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. வெடிச்சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாராம். பெரிய மனிதர்களைக் கைக்குள் போட்டுக்கொள்ள வேட்டை நடத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

தாத்தாவுக்கு அது வெறியாகவே ஆயிற்று. சாப்பாட்டு அறையை இரண்டு மடங்கு நீட்டி, சுவர் முழுக்கப் பாடம் செய்த மான் தலைகளை மாட்டினார். வேட்டைக்கு விதிகளை வகுத்தவரும் அவரே. ஒரு விருந்தாளி சுட்டதில் அவருடைய தொப்பி பறந்துபோன பிறகு வகுத்தார் என்று அப்பா சொல்வார்.

விதி இதுதான். சுடுபவர்கள் மேட்டில் வரிசையாக நிற்பார்கள். விரட்டுக்காரர்கள் காட்டின் மறுகோடியிலிருந்து தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டே மிருகங்களை மேட்டுப் பக்கம் ஓட்டிவருவார்கள். ஊதுகொம்பு ஒரு முறை ஒலித்தால் விரட்டு ஆரம்பம். இரண்டு முறை ஒலித்தால் முடிந்தது. துப்பாக்கிகளைத் தாழ்த்திவிட வேண்டும். அதன் பிறகுதான் விரட்டுக்காரர்கள் மரங்களை விட்டு வெளியே வரலாம். முடிவை ஊதியவர் நின்ற இடத்திலேயே, ஊதுகொம்பின் தோல்வாரில் பேனாக்கத்தியால் ஒரு வெட்டுப் போட வேண்டும். நான்தான் ஊதினேன் என்பதற்கு அது கையெழுத்து மாதிரி.

அரைப் பக்கம் ஆகிவிட்டது. இனி அப்பாவின் காலம்.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுதவில்லை. தலைவலி. — யாரிடம் சாக்குச் சொல்கிறேன்?

அக்டோபர் 9, புதன்

வேட்டைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அப்பாவின் கையெழுத்து. 'மூன்றாம் விரட்டு. தலைமை விரட்டுக்காரர், ஊதுகொம்பு ஒலிக்கும் முன்னரே வெளியே வந்ததால் குண்டு பட்டு இறந்தார்.' அதற்கு அடுத்த வரி, அதே மையில்: 'பெரிய கலைமான், ஒன்று.'

அந்தத் தலை சாப்பாட்டு அறையில் என் நாற்காலிக்கு மேலேயே இருக்கிறது. பித்தளைத் தகட்டில் அன்றைய தேதி. அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுகிறேன்.

எனக்குப் பதினோரு வயது. தம்பிக்கு ஐந்து. அன்றைக்கு ஆரம்பத்தை அப்பா ஊதினார். "கடைசி விரட்டு. முடிவை நீயே ஊது கண்ணு" என்று ஊதுகொம்பை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அப்புறம் வெடிச்சத்தம். அப்புறம் யாரோ அலறியது. நடுவில் நான் ஊதினேனா? ஊதவில்லை என்றுதான் நாற்பத்தேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பங்களாவுக்குத் திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "நீ ஊதலடா கண்ணு. ஊதப் போனே, அதுக்குள்ள அவர் வந்துட்டாரு. ஞாபகம் இருக்கா?" காவல் ஆய்வாளர் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, "நீ ஊதினியா பாப்பா?" என்று கேட்டார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

குண்டு அப்பாவுடையதுதான்; ஆனால் தப்பு செத்தவருடையது என்று முடிவாயிற்று. ஒரு வாரத்தில் அந்தக் குடும்பத்தை, மரங்களுக்கு நடுவே அவர்கள் குடியிருந்த வாசல் வீட்டிலிருந்து காலி செய்யச் சொன்னார்கள். மனைவி, பதினைந்து வயது மகன், என் வயதில் ஒரு மகள். அவளைக் குருவி என்று கூப்பிடுவேன். இன்றைக்குக் கடைத்தெருத் தபால் அலுவலகத்தில் அவள்தான் போஸ்ட்மாஸ்டர். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கே திரும்பி வந்தபின், எங்களுக்குள் பேச்சு ஒன்றே ஒன்றுதான். "எத்தனை?" என்பாள். "நாலு" என்பேன். தபால்தலையை நகர்த்திவைப்பாள்.

அப்பா அதன் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. துக்கம் என்று ஊரே மெச்சியது.

அக்டோபர் 12, சனி

மாடி அறைப் பெட்டியில் ஊதுகொம்பு கிடைத்தது. வார் விறைத்துப் போயிருக்கிறது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

எல்லா வெட்டுகளும் வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. கடைசி வெட்டு மட்டும் இடப்பக்கம். கோணல்மாணலாக, இரண்டு தடவை அழுத்திப் போட்டது.

இந்த வீட்டில் இடக்கைக்காரி நான் ஒருத்திதான். "நொட்டாங்கை, நொட்டாங்கை" என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள். ஊதுகொம்பு என் கைக்கு வந்ததும் அந்த ஒரு நாள்தான்.

ஊதியிருக்கிறேன். ஊதிவிட்டு, கத்தியைத் தேடி, வெட்டும் போட்டிருக்கிறேன். அலறல் கேட்ட பிறகு நின்று வெட்டுப் போட்டிருக்க மாட்டேன்; அதற்குப் பிறகுதான் அப்பா சுட்டிருக்கிறார். அந்தக் கலைமானை விட மனசு வரவில்லை அவருக்கு. மனுஷன் விதிப்படி, முடிந்துவிட்டது என்று நம்பி வெளியே வந்தார்.

மறந்துபோனேன் என்று எழுத வசதியாகத்தான் இருக்கிறது. மறந்தேனா? மறக்கச் சொன்னாங்க, மறந்தேன். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. சீ.

அக்டோபர் 13, ஞாயிறு

தம்பியிடம் சொன்னேன்.

"அன்னைக்கு எதிர்க்காத்துன்னு அப்பா சொல்வாரேக்கா. அவருக்கே கேட்டிருக்காது."

"நான் அவருக்குப் பத்தடி தள்ளி நின்னேன்டா."

"காட்டுக்குள்ள இருந்தவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேக்காம எப்படிடா வெளிய வந்தாரு?"

"செத்துப்போன மனுஷனைப் போய் இப்ப இழுக்கணுமா?" என்றான்.

"எந்த மனுஷனைச் சொல்றே?" என்று கேட்டேன். போட்ட டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

அவனுக்கு அப்பா என்றால் சைக்கிள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர். எனக்கும் அவர்தான் அப்பா. நான் மட்டும் வேறு யாரையோ பற்றியா எழுதுகிறேன்?

அக்டோபர் 15, செவ்வாய்

தபால் அலுவலகத்தில் ஆள் குறையும்வரை நின்றிருந்துவிட்டு, குருவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாரையும் காட்டினேன். கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"எங்களுக்குத் தெரியும்" என்றாள். "ரெண்டு தடவை ஊதினா அப்பா வர்றாருன்னு அர்த்தம். அம்மா குளிக்கத் தண்ணி வெப்பாங்க. அன்னைக்கும் வெச்சாங்க. கொதிச்சுக் கொதிச்சு வத்திப்போச்சு. யாரும் வரல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். என்ன துணிச்சல் எனக்கு.

"அம்மா சொன்னாங்களே. பங்களாப் பொண்ணே ஊதலங்குது, உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சுன்னாரு அந்த ஆய்வாளர்."

அவளுடைய அண்ணன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தானாம். ஆய்வாளர் எழுதியதைத்தான் நம்பினான். அவசரக்குடுக்கையாகப் போய்ச் செத்த அப்பா, அதை மறைக்கப் பொய் சொன்ன அம்மா. பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனவன், அம்மா சாவுக்கும் வரவில்லை.

மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். "என்கிட்ட வேணாம். அண்ணனுக்கு எழுது" என்று முகவரியை ஒரு தாளில் எழுதித் தந்தாள். பிறகு வழக்கம்போல, "எத்தனை?"

"ஒண்ணு."

அக்டோபர் 16, புதன்

நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன். ஐந்தாவதில் ஒன்பது வரி. 'ஊதினேன். இல்லை என்று தலையாட்டினேன். உங்கள் அம்மா சொன்னது உண்மை.' மிச்சமெல்லாம் என்னைப் பற்றிய புலம்பல் என்பதால் எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

வரலாற்றை முடித்தேன். அப்பாவின் காலத்துக்கு ஆறு வரி, நடந்தது நடந்தபடி. யார் சுட்டது, யார் தலையாட்டியது, யார் வீட்டை விட்டுப் போனது.

தம்பி வந்திருந்தான். கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தான்.

அக்டோபர் 21, திங்கள்

காலையில் சாப்பாட்டு அறைக்குப் போனால், என் நாற்காலிக்கு மேலே சுவர் வெளுப்பாகத் தெரிகிறது. கலைமான் தலை கீழே தரையில், முகம் சுவர்ப் பக்கமாக. தம்பி ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 23, புதன்

வாங்குபவர் வரலாற்றைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது கொஞ்சம்… வர்றவங்க சங்கடப்படுவாங்களே."

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "இதுதாங்க வரலாறு. வேணாம்னா வெறும் கண்ணாடியை மாட்டிக்குங்க."

மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாட்டுவாரோ மாட்டாரோ.

அக்டோபர் 26, சனி

பதில் இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

இல்லை. குருவியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. கேட்காமலே, "வந்தா நானே கொண்டுவந்து தர மாட்டேனா?" என்றாள்.

அக்டோபர் 31, வியாழன்

சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது குருவி வந்தாள். பின்னால் அவளுடைய அண்ணன். நரைத்த மனிதர், பயணக் களைப்பு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க லெட்டரை நம்பி வரல. அம்மா நின்ன இடத்துல நின்னு, ஊதுறதை என் காதால கேக்கணும்" என்றார்.

அவர் மட்டும் மரங்களுக்குள் இறங்கி வாசல் வீட்டுக்குப் போனார். அங்கே இப்போது ஒரு சுவரும் அடுப்புமேடையும்தான் மிச்சம். நாங்கள் மூவரும் மேட்டில் ஏறினோம். காற்று முகத்தில் அடித்தது. எதிர்க்காற்று. தம்பியைப் பார்த்தேன். அவனும் கவனித்திருந்தான்.

இடக்கையில் பிடித்து ஊதினேன். முதலாவது பிசிறியது. ஐம்பத்தெட்டு வயது மூச்சு. இரண்டாவது நன்றாகவே வந்தது. என்னை அறியாமல் வாரைத் திருப்பிப் பிடித்தேன். தம்பி சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்து நீட்டினான். பழைய வெட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டேன்.

அப்புறம் காத்திருந்தோம். ரொம்ப நேரம். கேட்கவில்லையோ? பிசிறியது காற்றோடு போய்விட்டதோ? குருவி மரங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவர் மரங்களை விட்டு வெளியே வந்தார். மெதுவாக, கையை வீசி, திறந்தவெளி முழுவதையும் நடந்து கடந்து மேட்டுக்கு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. அதுவரை உட்காராதவர் புல்லிலேயே உட்கார்ந்தார்.

"கேட்டுச்சு" என்றார் தங்கையிடம். "அடுப்புகிட்டதான் நின்னேன். ரெண்டும் கேட்டுச்சு." கொஞ்சம் பொறுத்து, "அம்மா பொய் சொல்லல."

"இல்லண்ணா" என்றாள் குருவி.

ஊதுகொம்பைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். வாரில் கடைசி இரண்டு வெட்டுகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.