புல்வெட்டும் மிஷினும் என் தோளும்

ஆகஸ்ட் 4, திங்கள்

மிஷின் வந்துவிட்டது. எங்கேயோ மூடிப்போன கெஸ்ட் ஹவுஸிலிருந்து பழசாக வாங்கியிருக்கிறார்கள். சிவப்புப் பெயின்ட் பாதி உரிந்திருக்கிறது, நாலு சக்கரத்தில் ஒன்று ஆடுகிறது. எங்கள் கன்டெய்னர் கிடங்கின் சூப்பர்வைசர் பகலவன் சார் அதைத் தட்டிக் காட்டி, இனிமேல் நீ குனிந்து வெட்ட வேண்டாம் என்றார். இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்க்கும்வரை எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளம்பவில்லை. கைப்பிடியோடு ஒரு கம்பி இருக்கிறது, அதைச் சேர்த்துப் பிடித்தால்தான் இஞ்சின் ஓடும் என்பது பத்து இழுப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. பிடித்துக்கொண்டு இழுத்தேன். அப்போதும் இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாமா சார் என்றேன். ஒன்பது வருஷம் படகில் இஞ்சின் பார்த்தவன் நீ, உனக்கு எதற்கு மெக்கானிக் என்றார். வேலைக்குச் சேரும்போது நானே அளந்ததுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பதினைந்தாம் தேதி எம்.டி. வந்து கொடியேற்றுகிறார். கம்பத்தைச் சுற்றிப் புல் முழங்கால் உயரம். ஜூனில் நான் அரிவாளால் வெட்டி மேடும் பள்ளமுமாக ஆக்கியதைப் பார்த்துத்தான் மிஷினே வாங்கினார்கள். அதற்குள் வெட்டியாகாவிட்டால் சொந்த மிஷின் வைத்திருக்கும் ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவார்களாம், தனியாகத் தோட்டக்காரன் தேவைப்படாதாம். பகலவன் சார் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார்.

இந்த வேலை போனால் மறுபடி படகு. அது மட்டும் கூடாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டேங்கில் இருந்த பழைய பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை அடித்தது. கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினேன். ஆயிலை நானே கலந்தேன். எங்கள் படகு அளவு, என் கைக்குத் தப்பாது. ஏர் ஃபில்டரில் பாதிக்குப் பழைய புழுதி. தட்டிச் சுத்தம் செய்தேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன்.

பிறகு கயிறு.

யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன நவம்பரில் முகத்துவாரத்தில், அலை உடையும் இடத்தில், எங்கள் படகின் இஞ்சின் நின்றது. நான்தான் கயிற்றை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன், கிளம்பவில்லை. படகு கவிழ்ந்தது. வலை காலில் சுற்றி நான் படகுக்கு அடியில் கிடந்தேன். மச்சான் ராமதாஸ்தான் அறுத்து வெளியே இழுத்தான். யாரும் சாகவில்லை. ஒரு வாரத்தில் எல்லோரும் மறுபடி கடலுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் தோள் பிசகிவிட்டது என்றேன். பிசகியது உண்மைதான். மார்கழியிலேயே சரியாகிவிட்டது.

இன்றைக்கு அந்தப் புல்தரையில், காய்ந்த மண்ணில் நின்றுகொண்டு, கயிற்றைப் பிடித்ததும் காலில் வலை சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். தரையில் நிற்கிறவனுக்கு என்ன பயம்? தெரியவில்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பிளக்கை இஞ்சின் உடம்பில் ஒட்டிவைத்து இழுத்துப் பார்த்தேன். பொறி வரவில்லை. புது பிளக் போட்டேன். அதிலும் வரவில்லை. பொறி கொடுக்கும் காயில் கெட்டுப்போயிருக்க வேண்டும். பழைய மிஷினுக்குக் காயில் எங்கே கிடைக்கும்?

சாயந்திரம் என் மனைவி கன்னியம்மா வழக்கம்போலத் தைலம் சூடாக்கித் தோளில் தேய்த்தாள். மீன் விற்றுவிட்டு வந்து, கூடையைக் கழுவி வைத்துவிட்டு, கைவலியோடு தேய்க்கிறாள். நான் நடுநடுவே முனகுகிறேன். எப்பேர்ப்பட்ட நடிகன்! ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகிறாளாம். எல்லாம் என் தோளுக்கான வேண்டுதல்.

ராமதாஸ் அவளுடைய அண்ணன். போனில் கேட்டானாம், தோள் எப்படி இருக்கிறது என்று. இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று எனக்காக இவள் சொல்லியிருக்கிறாள். வேறு யாராவது என்றால் இந்நேரம் என் மேல் சந்தேகம் வந்திருக்கும். இவளுக்கு வரவில்லை, அதுதான் குத்துகிறது.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்குக் கிடங்கு லீவு. இன்னும் ஐந்து நாள்தான். பகலவன் சாரிடம் கெஞ்சி, மீன் ஏற்றும் மூன்று சக்கர வண்டியில் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் புல்வெட்டும் மிஷினை யார் பார்த்திருக்கிறார்கள்? தெருவே கூடிவிட்டது. மணலை வெட்டப் போறியா என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் மூச்சு முட்டும்.

கன்னி காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள். ஊரெல்லாம் அங்கே, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் பின்னால் கம்பியைத் தூண்டில் நைலான் நரம்பால் கைப்பிடியோடு கட்டிவிட்டு இழுக்க ஆரம்பித்தேன். பொறி இல்லை என்று தெரிந்தும் ஏன் இழுத்தேன்? வெறி. வலது கையால், முழுத் தோளையும் போட்டு, மறுபடி மறுபடி. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

நிமிர்ந்தால் கன்னி நிற்கிறாள். கையில் கூழ்ச் சொம்பு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"தோளு வலிக்கலையா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"தோளுல ஒண்ணுமில்ல கன்னி. கடலுக்குப் போவ பயமா கீது."

"தோளு எப்பலேர்ந்து நல்லா கீது?"

"மார்கழியிலேர்ந்து."

சொம்பைக் கை மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் தெனிக்கும் தேச்சிகினு கெடந்தது?"

சொம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாயந்திரம் தைலம் சூடாகவில்லை.

அய்யோ, இன்னா பண்ணி வச்சிகிறேன் நான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கன்னி விடியும் முன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மிஷினைத் திருவொற்றியூரில் உபைதுல்லா பாயின் பைக் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். காயில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் காயிலைத் தொடவே இல்லை. டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இது படகு இஞ்சின் இல்ல நைனா. பெட்ரோல்ல ஆயில கலந்துகிறியே. இதுக்குப் பெட்ரோல் தனி, ஆயில் தனி."

கீழே ஒரு மஞ்சள் மூடி. இத்தனை நாள் கண்ணெதிரே இருந்தது. திருகி எடுத்துக் காட்டினார். அதோடு சேர்ந்த அளவுக் குச்சியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. வண்டியில் ஏற்றும்போது சிந்தும் என்று விற்றவன் வடித்திருப்பானாம். ஆயில் இல்லையென்றால் இந்த மிஷின் தானே பொறியை நிறுத்திக்கொள்ளுமாம். அப்படி நிறுத்தாமல் ஓடியிருந்தால் இஞ்சின் ஜாமாகி, காயலான் கடைக்குத்தான் போயிருக்கும் என்றார். ஒன்பது வருஷ இஞ்சின்காரன், ஒரு மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

என் கலவையைக் கொட்டி, வெறும் பெட்ரோல் ஊற்றி, கீழே ஆயில் ஊற்றினார். கைப்பிடியில் கட்டிய நரம்பை அவிழ்த்துவிட்டு என்னை இழுக்கச் சொன்னார். காலைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் புகையோடு கத்திக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தத்தில் பதறிக் கைப்பிடியை விட்டுவிட்டேன், நின்றுவிட்டது. பாய் ஒன்றும் கேட்காமல், இன்னொரு தடவை இழு என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாதிப் புல்தரை முடிந்தது. வரிவரியாக, பார்க்கவே அழகு. பின்னாலேயே கொக்குகள் பூச்சிக்கு வந்துவிட்டன. பகலவன் சார் தோளைத் தட்டினார்.

ஒரு வாரம் முன்பு இது நடந்திருந்தால் குதித்திருப்பேன். இப்போது வேறு கவலை. கன்னி அண்ணனிடம் சொல்லிவிடுவாளா? குப்பத்தில் தெரிந்தால்? கடலுக்குப் பயந்தவன் என்ற பெயரோடு இந்தத் தெருவில் எப்படி நடப்பது? சோறு போடுகிறாள், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 13, புதன்

மீதியும் முடிந்தது. தைலப் பாட்டிலைக் காணோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயந்திரம் ராமதாஸ் வந்தான். உட்கார்ந்ததும் கேட்டது அதே கேள்விதான்: "தோளு எப்டி கீது மாப்ள?"

கன்னி என்னைப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவை. காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. சும்மா பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், படகுக்கு அடியில் கிடந்ததிலிருந்து. சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லக் கூடாதா? ஒம்போது மாசமா உன் எடத்துல ஆள் போடாம வச்சிகினு கீறேன். நாளிக்கி வருவான், நாளிக்கி வருவான்னு. நாலு பேர் வேலைய மூணு பேர் இழுத்துகினு கீறோம்."

டீயைக் குடிக்காமல் போய்விட்டான். கோழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை. நான் என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று பேர் தோளில் என் வலையும் சேர்ந்து கிடந்தது எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

எம்.டி. வந்தார், கொடியேற்றினார், ஷூவோடு புல்லில் நடந்து போனார், குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு லட்டு. வேலை இருக்கிறது. லட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், கன்னி பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடியற்காலையில் வெளியே ராமதாஸின் குரல். எழுந்து போனேன். வாசலுக்கு வராமல் தெருவிலேயே நின்றான்.

"படகு மணல்ல மாட்டிகினு கீது. தோளு நல்லாத்தான கீது, வந்து தள்ளு."

போனேன். படகில் என் இடத்தில், இஞ்சின் பக்கத்தில், செல்வநாதன் உட்கார்ந்திருந்தான். ராமதாஸ் நேற்றுத்தான் அவனைச் சேர்த்தானாம். எல்லோரும் ஒரு பக்கமாக முட்டுக்கொடுத்துத் தள்ளினோம். படகு நகர்ந்தது. கணுக்காலுக்குத் தண்ணீர் வந்தது, பிறகு முட்டிக்கு. தள்ளுவதை விட்டுவிட்டு, வலை சுற்றியிருக்கிறதா என்று காலைக் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த ராமதாஸ் அதைப் பார்த்தான்.

"போதும், வுடு," என்றான். மெதுவாகத்தான் சொன்னான். மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கன்னி வாசலில் நின்றிருந்தாள். நனைந்த லுங்கியைப் பார்த்துவிட்டு, எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டாள். முட்டிவரைக்கும் என்றேன். உள்ளே போய் மாற்று லுங்கி எடுத்துவந்து கொடுத்தாள்.